ஆயுதம் தாங்கும் உரிமை: நாம் கேட்டதும் விட்டதும்

அமெரிக்க நாட்டின் ஏதேனும் ஒரு பள்ளியிலோ கடைவீதியிலோ துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது என்ற செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு. கடைக்குச் சென்று அரிசி பருப்பு வாங்குவதுபோல் துப்பாக்கி வாங்கும் நாட்டில் வேறென்ன நடக்கும் என்கிறோம். 1791இல் அந்நாட்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்துவிட்டது, நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று சற்றே நிம்மதியும் கொள்கிறோம். காந்தியடிகள் பிறந்த நாட்டில் அப்படியோர் உரிமையை எவரேனும் கேட்டிருப்பார்களா என்ன?

கேட்டார்கள். ஓராண்டு ஈராண்டன்று, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கேட்டார்கள். முதலில் கேட்ட இடங்களுள் ஒன்று நம் சென்னை மாநகரம். கேட்டவர்கள் வன்முறையாளர்களோ தலைமறைவாகத் திரிந்தவர்களோ அல்லர். வழக்கறிஞர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் நிலக்கிழார்களுமாகிய கண்ணியவான்கள். காந்தியடிகளும்கூட அவ்வரிசையில் நின்றவரே. பின்னர், நாடு விடுதலை பெற்று, கேட்டதைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் நாள் வந்தபோது, நம் முன்னோர் அதை வேண்டாமென்று விட்டார்கள். ஏன் கேட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதை அறியாமல் இன்றைய துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி நாம் நன்றாகப் பேசிவிட முடியாது என்றே கருதுகிறோம்.

வரலாற்றைத் தமிழ் மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். போர் முடிந்த ஐந்தாறு வாரங்களில், டிசம்பர் முதல் நாளில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் குடிகளும் இனிப் படைக்கலம் எதையும் வைத்திருத்தலும் ஆளுதலும் கூடாது. கம்பெனியின் அனுமதி பெற்றவை மட்டுமே விலக்கு என்பது அதன் சாரம். இடையன்குடியில் பணியாற்றிய ஆயர் கால்டுவெல், 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் இச்செய்திகளை விரிவாகச் சொல்கிறார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஈட்டியும் வாளும் நாட்டுத் துப்பாக்கியும் மூட்டை மூட்டையாக ஒப்படைக்கப்பட்டன.

இப்போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு நினைவை எழுதி வைத்திருக்கிறார். சமாதான நாள்களில் அவர் சின்ன மருதுவின் நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்கிறார். அதே வளரியை இன்று அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைக்குள்தான் காண்கிறோம். கள்ளர், மறவர் நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஒரு பொருள், ஓரிரு தலைமுறையில் பேச்சிலிருந்தே மறைந்தது.

இந்த அறிவிப்பில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ஆயுதத்தைக் கொடு' என்று ஓர் அரசு குடிகளிடம் கேட்கும்போது, 'இனி உன்னை நான் காப்பேன்' என்ற வாக்குறுதியும் அதனுள் அடங்கியிருக்கிறது. தென்பாண்டிச் சீமையில் தேசகாவல், ஊர்க்காவல் என்ற பழைய ஏற்பாடுகள் இருந்தன. அவற்றில் கொடுமையும் வழிப்பறியும் கலந்திருந்தன என்பது உண்மையே. ஆயினும் களவு போனால் யாரைக் கேட்பது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி அந்தக் காவலரின் ஆயுதத்தைப் பறித்தது. 1802இல் தாரோகாக்கள் என்னும் அதிகாரிகளை நியமித்துப் பார்த்தது. அது சரிவராமல் 1816இல் கைவிட்டு, மீண்டும் ஊர்த் தலையாரிகளிடமே காவலை ஒப்படைத்தது. சென்னை மாகாணத்தில் ஒழுங்கான காவல்துறையை அமைத்த சட்டம் 1859இல்தான் வந்தது. ஆயுதம் போனது 1801இல், காவல் வந்தது 1859இல். இடைப்பட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஏழைக் குடியானவனுக்கு எப்படிக் கழிந்தன என்று எந்த ஆளுநரும் அறிவிப்பு வெளியிடவில்லை.

தெற்கே நடந்தது வடக்கே 1857க்குப் பின் பன்மடங்காக நடந்தது. சிப்பாய்ப் புரட்சி அடங்கியதும் அயோத்திச் சீமையில் கோட்டைகள் தகர்க்கப்பட்டு, இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளும் இலட்சக்கணக்கான வாள்களும் பறிமுதல் செய்யப்பட்டன. 1857லும் 1860லும் ஆயுதங்களைப் பற்றிய சட்டங்கள் வந்தன. அவற்றுக்கெல்லாம் சிகரமாக வந்தது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அப்போதைய அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டு, அதே மார்ச் மாதத்தில், அதே கையால் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று நாவை அடக்கியது, மற்றொன்று கையை அடக்கியது.

ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமன்று. வாள், குத்துவாள், ஈட்டிமுனை, வில் அம்பு ஆகியவையும் அச்சட்டத்தின் சொற்பொருளுக்குள் அடங்கின. உரிமமின்றி வைத்திருந்தால் மூன்று ஆண்டுவரை சிறை. ஒளித்து வைத்திருந்தால் ஏழு ஆண்டுவரை சிறை. இவ்வளவையும் நாட்டின் அமைதிக்கான ஏற்பாடு என்று சொல்லி நியாயப்படுத்தியிருக்கலாம். ஆனால் சட்டத்தின் உண்மை முகம் வேறோரிடத்தில் இருந்தது. சட்டப் பிரிவுகளைப் படித்தால் வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடு எங்கும் தெரியாது. யாருக்கு விலக்களிப்பது என்பதை அரசப் பிரதிநிதி தனி அறிவிக்கையால் முடிவு செய்யலாம் என்று ஒரு பிரிவு மட்டும் இருந்தது. அந்த அறிவிக்கையில் ஐரோப்பியர், ஐரோப்பியக் கலப்பினத்தார், அர்மீனியர், அமெரிக்கர் எல்லாரும் விலக்குப் பெற்றனர். சிற்றரசர், பட்டம் பெற்ற பிரபுக்கள் எனச் சில இந்தியரும் பெற்றனர். மற்றபடி, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரக் குமாஸ்தா துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். நூறு ஏக்கர் நிலத்துக்கு வரி கட்டும் இந்தியன், பயிரைக் காக்க ஒரு பழைய துப்பாக்கி வேண்டுமென்றால் கலெக்டர் கச்சேரி வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அநியாயம் செய்கிறவர்கள் அதைச் சட்டத்தின் உடலில் எழுதாமல் விலக்கில் எழுதுவது பழைய வழக்கம்.

1882இல் ரிப்பன் பிரபு பத்திரிகைச் சட்டத்தை நீக்கினார். நல்லவர், கத்தோலிக்கத்தைத் தழுவியவர், இந்தியர் மனத்தில் இன்றும் நன்றியோடு நிற்பவர். அவர்கூட ஆயுதச் சட்டத்தைத் தொடவில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். 1887 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு சென்னையில் ஆயிரம் விளக்குப் பகுதித் தோட்டம் ஒன்றில் கூடியது. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. அங்கே ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் வந்தது. விபின் சந்திர பால், அப்போது முப்பது வயதும் நிரம்பாத இளைஞர், அச்சட்டத்துக்கு எதிராக முழங்கினார். தீர்மானத்தின் கருத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: எல்லாருக்கும் ஆயுதம் வைத்திருக்க அனுமதி இருக்கட்டும், எவருக்கேனும் அல்லது எந்த வகுப்பாருக்கேனும் மறுக்க வேண்டுமென்று அரசு கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிட்டுவிட்டு மறுக்கட்டும். இத்தீர்மானம் சொன்ன காரணங்களுள் ஒன்று, மக்கள்மீது சுமத்தப்பட்ட தகாத பழி. நாங்கள் நம்பத்தகாதவர்கள் என்று இச்சட்டம் எங்கள் நெற்றியில் எழுதுகிறது என்பதே அவர்கள் மனக்குறை.

மற்றொரு காரணமும் அக்காலத்தில் ஓயாமல் பேசப்பட்டது. அது காட்டு விலங்கு. புலி, சிறுத்தை, ஓநாய், யானை ஆகியவற்றால் இறந்தோர் எண்ணிக்கையை அரசே ஆண்டுதோறும் வெளியிட்டது. அது ஆயிரக்கணக்கில் இருந்தது. பயிரழிவுக்கோ கணக்கே இல்லை. துப்பாக்கியைப் பறித்துக்கொண்ட அரசு புலியைப் பறித்துக்கொள்ளவில்லையே என்று பத்திரிகைகள் கேட்டன. கேட்டதில் நியாயம் இருந்தது. அரசின் விடை பெரும்பாலும் வெகுமதி அறிவிப்பாகவே இருந்தது. புலியைக் கொன்று வந்தால் இவ்வளவு ரூபாய் என்பார்கள். எதைக்கொண்டு கொல்வது என்பதற்கு விடை இல்லை.

மாநாடு தோறும் இத்தீர்மானம் திரும்பத் திரும்ப வந்தது. ஆண்டுகள் ஓடின. இதற்கிடையில் சட்டம் யாரைத் தடுத்தது, யாரைத் தடுக்கவில்லை என்பதற்கு 1911 ஜூன் 17 ஒரு சான்று. அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் பிரௌனிங் கைத்துப்பாக்கி இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அமலில் இருந்த சட்டம் அதைத் தடுக்கவில்லை.

1918இல் காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, உலகப் போருக்கு ஆள் திரட்டினார். அகிம்சையின் தூதர் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார் என்பதே பலருக்கு இன்றும் வியப்பு. அப்போது அவர் வெளியிட்ட துண்டறிக்கையில், ஆங்கில ஆட்சி செய்த தீமைகளுள் ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தையே வரலாறு மிகக் கரியதாகக் கொள்ளும் என்ற கருத்தை எழுதினார். பின்னர்த் தம் சுயசரிதையிலும் அதை நினைவுகூர்ந்தார். இவ்வாக்கைத் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமெரிக்கர் சிலர் இன்று மேற்கோளாகக் காட்டுவதைப் பார்க்கிறோம். அது சரியன்று என்பது நம் கருத்து. ஆயுதம் எடுக்க இயலாதவன் அதைத் துறக்கவும் இயலாது என்பதே காந்தியடிகளின் எண்ணப்போக்கு. உணவில்லாதவன் இருக்கும் பட்டினியை யாரும் நோன்பு என்று சொல்வதில்லை. அவர் கேட்டது துப்பாக்கியை அன்று. துப்பாக்கியை வேண்டாமென்று சொல்லும் மனிதனுக்குரிய மதிப்பையே கேட்டார்.

போருக்குப் பின் 1920ஆம் ஆண்டின் புதிய விதிகள் இன அடிப்படையிலான விலக்குகளைப் பெரும்பாலும் அகற்றின. ஆனால் கோரிக்கை அடங்கவில்லை. 1928இல் மோதிலால் நேரு தலைமையில் உருவான அரசமைப்பு அறிக்கை, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமகனின் உரிமைகளுள் ஒன்றாக எழுதியது. 1931 மார்ச்சில் வல்லபாய் படேல் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், அடிப்படை உரிமைகள் பற்றிய தன் புகழ்பெற்ற தீர்மானத்தில் அதையே மீண்டும் எழுதியது. பேச்சுரிமை, மதச் சுதந்தரம், கட்டாயத் தொடக்கக் கல்வி ஆகியவற்றோடு ஆயுத உரிமையும் ஒரே பட்டியலில் நின்றது. அப்போது யாரேனும் ஒருவர், 'சுதந்தர இந்தியாவில் இது வராது' என்று சொல்லியிருந்தால், தேசத்துரோகி என்றே எண்ணியிருப்பார்கள்.

இனி 1948 டிசம்பர் மாதத் தொடக்கம். டில்லியில் அரசியல் நிர்ணய சபை, இன்றைய 19ஆம் பிரிவாகிய அன்றைய 13ஆம் பிரிவை விவாதித்துக்கொண்டிருந்தது. எச். வி. காமத் எழுந்தார். ஐ.சி.எஸ். பதவியில் இருந்து, அதை 1938இல் உதறிவிட்டுச் சுபாஷ் போஸின் பின்னே சென்றவர். ஆட்சியையும் சிறையையும் ஒருங்கே அறிந்தவர். விதிகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்ற சொற்களைச் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டினார். அன்று அந்நியனிடம் கேட்டதை இன்று நம் கையால் எழுத ஏன் தயங்குகிறோம் என்பதே அவர் வாதத்தின் உயிர். எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று அது.

அம்பேத்கர் விடையிறுத்தார். அன்று காங்கிரஸ் ஏன் அவ்வாறு கேட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. அந்நிய அரசு மக்களின் கையை வெறுங்கையாக்கியிருந்த காலத்துக்கு அக்கோரிக்கை பொருந்தும், இன்று நிலைமை மாறிவிட்டது என்றார். அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால், குற்றத்தையே தொழிலாகக் கொண்டவனும் அதைக் காட்டி ஆயுதம் கேட்கலாம். அப்படிக் கட்டற்ற உரிமையைத் தர இயலாது என்றார். பின்னர்ச் சொன்ன ஒன்றுதான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. தனிமனிதன் ஆயுதம் தாங்கும் உரிமையை நாம் வலியுறுத்தத் தேவையில்லை, நாடு அழைக்கும்போது ஆயுதம் தாங்கும் கடமையையே வலியுறுத்த வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். காமத்தின் திருத்தம் தோற்றது.

உரிமை, கடமை என்ற இவ்விரு சொற்களும் நமக்குப் புதியவையல்ல. தன்னைக் காத்துக்கொள்வது உரிமை. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவன் அவரைக் காப்பது கடமை என்று ஒழுக்க இறையியல் வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். புனித தாமஸ் அக்குவினாரின் கால முதலே அறிஞர்கள் இதை ஆராய்ந்து வந்துள்ளனர். தீண்டாமையின் கொடுமையை உடலால் அனுபவித்தவர் அம்பேத்கர். ஊர்ப்புறத்தில் துப்பாக்கி என்பது உரிமையாகிவிட்டால் அதை முதலில் வாங்கக் கூடியவன் யார், அது யாரை நோக்கித் திரும்பும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் அவையில் அவ்வாறு பேசவில்லை. இது நம் எண்ணமே. கீழ்வெண்மணி 1968இல் நிகழ்ந்தபோது நம் மாநிலம் கண்டதை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த எண்ணம் தவறாகத் தோன்றாது.

அந்த டிசம்பர் மாதத்தில், அதே டில்லியின் செங்கோட்டையில், வேறொரு விசாரணை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகளின் மார்பைத் துளைத்தது, உரிமமின்றிக் கைமாறி வந்த இத்தாலியக் கைத்துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தைக் கரியது என்று எழுதியவரின் உயிரை, அச்சட்டத்துக்கு அடங்காத ஓர் ஆயுதம் பறித்தது. பிரிவினைக் காலக் கொலைகளின் குருதி இன்னும் உலராத நேரமும் அதுவே. அவையில் அமர்ந்திருந்தவர்கள் இவற்றை மறந்துவிட்டு வாக்களித்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

அரசமைப்பின் அடிப்படை உரிமைகளில் ஆயுதம் என்ற எண்ணம் இன்று எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தால், 19ஆம் பிரிவில், அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை என்ற இடத்தில் வருகிறது. 25ஆம் பிரிவின் விளக்கத்தில், சீக்கியர் கிர்பான் அணிவதற்கு இடமளிக்கப்பட்டுள்ளது. அவ்வளவே.

1878ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது என்பது நம்மவரின் சோம்பலுக்குச் சான்று. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் என்ற கட்டு நீங்கவில்லை. ஆயினும் அதன் 14ஆம் பிரிவைப் படித்தால் 1887ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்மானத்தின் குரல் கேட்கிறது. மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அதே பிரிவில் இன்னுமொரு வரி இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி எவருக்கும் உரிமத்தை மறுத்தலாகாது என்கிறது அது. ஏழையும் காக்கத் தகுந்த உயிருடையவனே என்று சட்டம் எழுதிய இடம் இது. சட்டம் படித்தவர்களுள்ளும் பலர் இதைக் கவனித்ததில்லை.

நடைமுறை வேறு கதை. நாட்டின் உரிமங்களில் பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கும் அண்டை மாநிலங்களிலும் தோளில் தொங்கும் துப்பாக்கி, குடும்ப மதிப்பின் அடையாளம். திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவார்கள். குண்டு மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைமேல் பாயும். 1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என வரம்பு கட்டியது. 2019இல் அதை ஒன்றாகக் குறைக்க முதலில் முன்மொழிந்தார்கள். பஞ்சாப் போன்ற இடங்களிலிருந்து எதிர்ப்புக் கிளம்பவே இரண்டில் நின்றது. கொண்டாட்டத்தில் கவனமின்றிச் சுடுவதும் அத்திருத்தத்தால் தனிக் குற்றமாயிற்று.

ஆனால் கொலைக்குப் பயன்படுவது பெரும்பாலும் உரிமம் பெற்ற துப்பாக்கியே அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், துப்பாக்கியால் மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் உரிமமற்ற ஆயுதத்துக்கே இரையானவர்கள். பீகாரின் முங்கேர் நகரில், மீர் காசிம் 1760களில் தன் தலைநகரை அங்கு மாற்றி ஆயுதப் பட்டறை அமைத்த காலம் முதல் துப்பாக்கி செய்யும் கைத்தொழில் வழிவழியாக வருகிறது. அங்கே உரிமம் பெற்ற பட்டறைகளும் உண்டு. பின்கட்டில் இரவில் இயங்குபவையும் உண்டு. இதைக் காட்டி, 'சட்டத்தால் பயனில்லை, நல்லவன் கையைத்தான் அது கட்டுகிறது' என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் பெற்றவர்கள் வரிசையில் நின்று துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைப்பதைப் பார்க்கும்போது நமக்கும் அப்படித் தோன்றுவதுண்டு. ஒப்படைப்பவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை என்பது ஊருக்கே தெரியும். எனினும் இவ்வாதம் அரைகுறையானது. கள்ளத் துப்பாக்கி மலிந்த நாட்டில் நல்ல துப்பாக்கியையும் மலிவாக்கினால், திருடு போவதற்கும் கைமாறுவதற்கும் சரக்குக் கூடுமே தவிரக் குறையாது.

விலக்கின் கதை இன்னும் முடியவில்லை என்பதைக் குடகில் காணலாம். ஆங்கிலேயர் 1834இல் குடகைக் கைக்கொண்டனர். பின்னர்க் கொடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்களித்தனர். செப்டம்பரில் வரும் கைல்போத் திருநாளில் அவர்கள் துப்பாக்கிக்கு மலர்சூட்டி வழிபடுவார்கள். விடுதலைக்குப் பின்னும் அவ்விலக்கு நீடித்தது. 2019 அக்டோபரில் மைய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. பிறப்பின் அடிப்படையில் இப்படியொரு சலுகை தகுமா என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2021 செப்டம்பரில் கருநாடக உயர்நீதிமன்றம் விலக்கைச் செல்லும் என்றது. கொடவர் நல்ல மக்கள். விலக்கைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று எவரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. ஆயினும் நம் நாட்டு ஊர்களில் பழைய குழல் துப்பாக்கியால் கொக்கு குருவி சுட்டுப் பிழைத்த நரிக்குறவரை நினைத்துப் பார்க்கிறோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்துக்குப் பின் அவர்கள் தொழில் குற்றமாயிற்று. அவர்கள் துப்பாக்கிக்கு மலர்சூட்டியவர் யாருமில்லை.

காட்டு விலங்கைப் பற்றி 1887இல் எழுந்த கேள்வியும் அப்படியே நிற்கிறது. புலியின் இடத்தில் இப்போது காட்டுப் பன்றி. மலையடிவாரப் பங்குகளில் பணியாற்றும் குருக்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிலக்கடலையும் மரவள்ளியும் ஓர் இரவில் உழுதுபோட்டதுபோல் ஆகிவிடுகின்றன. இதற்குப் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் இரண்டு வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. கேரள அரசு 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கியுடையவர்களைக்கொண்டு பன்றியைச் சுட வழிசெய்தது. தமிழக அரசு 2025இல், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள், உழவர் சுடக் கூடாது என்று முடிவு செய்தது. ஒன்று குடிமகன் கையை நம்புகிறது. மற்றொன்று, ஆயுதத்தை நானே வைத்துக்கொள்கிறேன், சுடும் பொறுப்பும் என்னுடையதே என்கிறது.

நம் மனம் இரண்டாவது விடையின் பக்கமே சாய்கிறது. ஊரில் துப்பாக்கி குறைவாக இருப்பது நல்லது. குடித்துவிட்டு வரப்புத் தகராறு செய்கிறவன் வீட்டில் அது இல்லாமலிருப்பது இன்னும் நல்லது. ஆனால் அந்த விடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வனத்துறையிலிருந்து ஆள் வர வேண்டும். அரசாணை வந்துவிட்டது, வயலுக்கு ஆள் வரும்வரை உழவன் தகரத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பரண்மேல் உட்கார்ந்திருக்கிறான். சிலர் பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் போடுகிறார்கள். மாடு கடித்து வாய் கிழிகிறது. சிலர் வேலிக் கம்பியில் களவாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். காலையில் அந்த வேலியோரம் கிடப்பது எப்போதும் பன்றியாகவே இருப்பதில்லை. தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து வயல்காரராக, புல்லறுக்க வந்த பெண்ணாக இருந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அத்தகைய அடக்கங்களில் இருபுறத்துக் குடும்பமும் ஒரே கோவிலில், ஒரே வரிசையில் நிற்பதும் உண்டு.